ஆங்கருக்குக் கட்டிய பாவாடை

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். யார் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை, அதற்குள் மானத்தை வாங்கக் கூடாது. இழுவைச் சோதனைப் படிவங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறீர்களாம். கடைசிக்கு முந்தின வரி யாருக்கும் விளங்கவில்லையாம். "மூன்றாம் நாள் காலை: பாவாடை தரையைத் தொடுகிறதா? ஆம் / இல்லை என்று போட்டிருக்கு மேடம், இது ஏதோ டைப்பிங் தப்புன்னு நினைக்கிறோம், எடுத்துடலாமா?" என்று கேட்டார். பின்னால் நாலைந்து பேர் சிரிப்பை அடக்குகிற சத்தமும் எனக்குக் கேட்டது. காது எனக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

அது தப்பு இல்லை. அந்த வரியை எழுதியது நான். ஏன் எழுதினேன் என்று போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால் "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நம் வேலையை வெளியில் சொன்னால் யாருக்கும் புரியாது என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. ஆள் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் திருகு மாதிரி ஒரு தகடு, அதுதான் நாம் விற்கும் ஆங்கர். மண்ணுக்குள் திருகி இறக்கினால், மேலே கட்டுகிற கயிற்றை அது பிடித்துக்கொள்ளும். வேலி, கம்பம், பந்தல் என்று எதெல்லாம் சாயவோ பறக்கவோ பார்க்கிறதோ அதையெல்லாம் பிடித்து உட்காரவைக்கும். மற்றவர்கள் இறக்கியதை இழுத்துப் பார்ப்பது என் வேலை. "முப்பது வருஷமா அங்க என்னத்தைப் பிடுங்குனே?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அந்தக் கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் சொல்லக்கூடிய மனைவி இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான்.

சில வருஷத்துக்கு முந்தின கதை இது. பூந்தமல்லியில் கபூர் பாய் என்று ஒரு பந்தல்காரர் இருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவர் பந்தல்தான். ஊரார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நிழல் போட்ட மனிதர் தன் ஒரே மகள் நஸ்ரினின் நிக்காஹ்வுக்கு மண்டபம் எடுப்பாரா? குத்தம்பாக்கம் போகிற வழியில் அவருடைய குடோனுக்குப் பின்னால் பெரிய காலி மனை ஒன்று உண்டு. அங்கே நடுவில் இரும்புக் கம்பங்களை நிறுத்தி, சுற்றிலும் பத்துக் கயிறு இழுத்துக் கட்டுகிற புது மாதிரிப் பந்தலைப் போட்டு, நானூறு பேரை உட்காரவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். கயிறு விறைப்பாக இருக்கும்வரைதான் அந்தப் பந்தல் பந்தல். தளர்ந்தால் கம்பம் சாயும், கம்பம் சாய்ந்தால் துணியோடு சேர்ந்து எல்லாம் தலையில் வரும். மனையோ சுத்தக் களிமண். சாதாரண முளைக்குச்சி தாங்காது என்று நம்மிடம் பத்து ஆங்கர் வாங்கினார். புதன்கிழமை இறக்கினோம். வியாழன் பந்தல் ஏற வேண்டும், ஞாயிறு நிக்காஹ்.

இறக்கிய ஆங்கரை எப்படிச் சோதிக்க வேண்டும்? சுமையைக் கட்டு, விட்டுவிடு, காத்திரு, பார். அன்றைக்கும் விதி அதுதான், காத்திருப்பது மட்டும் சில மணி நேரம். ஆனால் அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல் வலி. இடது கன்னம் வீங்கி, பார்க்கிறவர்களெல்லாம் வாயில் என்ன லட்டா என்று கேட்கிற நிலை. மூன்று மணிக்கு அம்பத்தூரில் பல் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். காத்திருந்து பார்க்கிற பொறுமை என் உடம்பில் எந்த மூலையிலும் இல்லை.

ஆகவே குறுக்குவழியில் போனேன். பாயிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் சங்கிலியைக் கட்டி, மறுமுனையை ஆங்கரில் மாட்டி, டிரைவரிடம் "ஒரே இழுப்பா வெடுக்குன்னு இழு" என்றேன். வண்டி உறுமியது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது, ஆங்கர் இம்மி அசையவில்லை. அடுத்தது. அதுவும் அசையவில்லை. டீ ஆறுவதற்குள் பத்தையும் இழுத்துப் பார்த்துவிட்டோம். பாய்க்கு ஒரே சந்தோஷம். "மேடம், யானையே இழுத்தும் வரலியே" என்றார். ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது பாயின் மச்சான் சுல்தான் வந்தார். கட்டட மேஸ்திரி. சும்மா நிற்க முடியாத ஆள். அவர் என்னவோ கேட்டார், எனக்கு வலியில் காது பாதி அடைத்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு வண்டியேறினேன். அந்தத் தலையாட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது திரும்பி வரும்.

அன்று சாயங்காலம் டாக்டர் என் பல்லைப் பிடுங்கினார். சட்டென்று இழுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் நிதானமாகச் சொன்னார். "வெடுக்குன்னு இழுத்தா பல்லு உடையுமே தவிர வராதும்மா. பிடிச்சு ஒரே அழுத்தமா கொடுத்துக்கிட்டே இருக்கணும். அப்புறம் அதுவா விட்டுக்கொடுக்கும்." என் தொழிலுக்கு வேண்டிய பாடத்தை முழுசாக ஒருவர் என் வாய்க்குள் கையைவிட்டுக்கொண்டு சொல்கிறார், நான் "ஆ" என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிக்காஹ்வுக்குப் போனேன். பல் பிடுங்கிய புண் ஆறிவிட்டது, பிரியாணிக்கு வாய் தயார். மனைக்குள் நுழையும்போதே சண்டைச் சத்தம். கபூர் பாய், தையல்காரர் முனுசாமியைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். முனுசாமிக்குப் பூந்தமல்லியில் கடை. பந்தல் துணி, திரை, உறை எல்லாம் பாய்க்கு அவர்தான் பல வருஷமாகத் தைத்துக் கொடுக்கிறார்.

விஷயம் இதுதான். ஆங்கர் தலை தரைக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் புடவை மாட்டிக்கொள்ளுமே, பிள்ளைகள் இடித்துக்கொள்ளுமே என்று பாய் ஒவ்வொரு ஆங்கருக்கும் ரோஸ் கலர் சாட்டினில் சுருக்கு வைத்த பாவாடை தைக்கச் சொல்லியிருந்தார். மேலே நாடா கட்டி, கீழே தரை தொடுகிற மாதிரி. வியாழக்கிழமை மாட்டும்போது தரை தொட்டதாம். இன்றைக்குப் பார்த்தால் பந்தலின் முன்பக்கம் இருக்கிற ஆறு பாவாடையும் தரைக்கு மேலே நாலு விரல் தூக்கலாக நிற்கிறது. வயசுக்கு வந்த பெண்ணுக்குப் போன வருஷப் பாவாடையைக் கட்டிவிட்ட மாதிரி, அடியில் இரும்பு தெரிகிறது.

"நாலு விரல் துணி அடிச்சிருக்கான் மேடம்" என்றார் பாய் என்னைப் பார்த்ததும். "என் பொண்ணு கல்யாணத்துல. எங்கிட்டயே."

முனுசாமிக்குக் கண் கலங்கியிருந்தது. "பாய், இன்னா பேசிகினு கீற? தரை தொட்டுகினுதான் தச்சேன். நீதானே நின்னுகினு பார்த்துட்டு வாங்கிகினே. உன் ஊட்டுத் துணியத் திருடி நான் இன்னா மாடியா கட்டப்போறேன்?"

"அப்ப துணி என்ன, சுருங்கிடுச்சா? தண்ணில போட்டியா?"

"சாட்டின் இன்னாத்துக்கு சுருங்கப் போவுது?"

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். யாரும் கேட்கவில்லை. வருஷக்கணக்காகச் சோதனை செய்து செய்து, எங்கே சண்டை நடந்தாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. "எதுக்கு வீண் பேச்சு? அளந்து பார்த்தா தெரிஞ்சுடப் போவுது" என்றேன் பெரிய மனுஷி மாதிரி. முனுசாமி கழுத்தில் கிடந்த டேப்பை வாங்கி, குனிந்து, பாவாடையை அளந்தேன். ஆர்டர் கொடுத்த அளவு ஒரு சாண் உயரம். துணி அந்த அளவு அச்சாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும், மிச்ச மூன்றும்.

துணி குறையவில்லை. அப்படியென்றால் தரை கீழே போயிருக்க வேண்டும், அல்லது இரும்பு மேலே வந்திருக்க வேண்டும். தரை எங்கே போகும்?

பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். கம்பியைச் சுற்றி மண் கருப்பாக, ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. நாலு விரல் உயரத்துக்குக் கம்பியில் புதுச் சேறு பூசியிருந்தது. அது இவ்வளவு நாள் மண்ணுக்குள் இருந்த பகுதி. சுற்றிலும் வெடித்துக் கிடக்கிற வறண்ட களிமண், இந்த ஆறு இடத்தில் மட்டும் எப்படி ஈரம்?

"இங்க யார் தண்ணி ஊத்தினது?"

சுல்தான் மேஸ்திரி முகமெல்லாம் மலர்ந்து முன்னால் வந்தார். "நான்தான் மேடம். காலைல ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். மூணு நாளா ஒரு வேளை தப்பல. அன்னைக்கே கேட்டனே, கியூரிங் பண்ணட்டுமான்னு? நீங்க தலையாட்டினீங்களே."

கட்டடக்காரருக்குப் புதிதாக நிறுத்திய எதைப் பார்த்தாலும் தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும். காங்கிரீட்டுக்கு அது சரி, ஊற ஊறப் பலம். களிமண்ணில் திருகிய இரும்புக்கு அது எமன். அவர் தெரியாமல் கேட்டார், நான் பல்லைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபப்பட வேண்டிய ஆள் பட்டுப்புடவையில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"பின்னாடி நாலுக்கு ஊத்தலியா?"

"அந்தாண்ட சமையல் மேடம். என் வீட்டுக்காரி உக்காந்துகினு கீறா. போனா ஏதாவது வேலை சொல்லுவா." அந்த அம்மாவின் வாய் நாலு ஆங்கர்களைக் காப்பாற்றியது. இன்றுவரை அவருக்கு அது தெரியாது.

பந்தல் ஆட்களிடம் கயிறு தளர்ந்ததா என்று கேட்டேன். "ஆமா மேடம், தினம் காலைல முன்பக்கம் லூசாயிடுது. நாங்கதான் நல்லா இறுக்கி விட்டுகினு கீறோம்" என்றார்கள், பாராட்டை எதிர்பார்த்து. ஆங்கர் ஒரு விரல் ஏறும், கயிறு தளரும், இவர்கள் இறுக்குவார்கள், இறுக்கியதில் அது இன்னொரு விரல் ஏறும். ஒரு பக்கம் மேஸ்திரி தண்ணீர் ஊற்ற, மறுபக்கம் இவர்கள் இழுக்க, மூன்று நாளாக எல்லாரும் அக்கறையோடு சேர்ந்து அந்தப் பந்தலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளா, மழைக்காலத்தில் திருவேற்காட்டுச் சந்துகளில் நடந்திருப்பீர்கள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வெடுக்கென்று காலைத் தூக்கினால் வார் அறுந்து கால் மட்டும் வரும், செருப்பு உள்ளேயே இருக்கும். மெதுவாக, விடாமல் தூக்கினால் ஓரத்தில் தண்ணீர் புகுந்து, அடியில் இருக்கிற பிடிப்பு விட்டு, செருப்பு சத்தமில்லாமல் வந்துவிடும். களிமண் தண்ணீரை உள்ளே விடவும் நேரம் எடுக்கும், வெளியே விடவும் நேரம் எடுக்கும். ஒரே வெட்டில் இழுக்கிறவனை அது முழு பலத்தோடு எதிர்க்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறவனிடம் தோற்றுப்போகும். நான் வெட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, நாள்கணக்கில் தாங்கி நிற்பதற்குச் சான்றிதழ் கொடுத்திருந்தேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. நாலு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மூன்று நாளில் நாலு விரல்தானே வந்திருக்கிறது, நாலு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. முனுசாமி நாலு விரல் துணி திருடியவராகவே வீட்டுக்குப் போவார், அவ்வளவுதானே. நான் அப்படி நினைத்தேன், அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அப்போது பந்தலுக்குள் யாரோ ஒரு குழந்தை நடுக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"பாய், துணி குறையல. ஆங்கர் மேல வந்துகிட்டு இருக்கு. நான் ஒழுங்கா சோதனை பண்ணல. என் தப்பு. உள்ள இருக்கிறவங்களை உடனே வெளிய கூப்பிடுங்க."

பாய் என்னைப் பார்த்தார், பாவாடையைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "மாப்பிள்ளை வூட்டு பஸ் ஆவடில இருந்து கிளம்பிடுச்சு மேடம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு, "ஊருக்கெல்லாம் போட்டேன். இது ஒண்ணுதான் எனக்காகப் போட்டேன்" என்றார்.

மைக்செட்காரரிடம் மைக்கை வாங்கி நானே அறிவித்தேன். எல்லாரும் உடனே பந்தலைவிட்டு வெளியே வரவும் என்று சொன்னேன். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நூறு பேர் நேராகச் சமையல் பக்கம் போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். எப்படியோ பந்தல் காலியானது, எனக்கு அதுதான் வேண்டும்.

அடுத்து ஆறு கயிற்றை எதில் கட்டுவது? அந்த மனையில் கனமானது எது என்று சுற்றிப் பார்த்தேன். சமையலுக்கும் கை கழுவவும் வந்த தண்ணீர் லாரிகள் இரண்டு நின்றன. பாயின் சொந்த லாரி ஒன்று, இரும்புக் கம்பங்கள் ஏற்றியபடி நின்றது. மூன்று லாரி, ஆறு கயிறு. முன்பக்கம் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, லாரிக்கு இரண்டாகக் கயிற்றை மாற்றிக் கட்டச் சொன்னேன். ஒவ்வொரு கயிறாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்று முழுசாக இறுகின பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று நின்று பார்த்துக்கொண்டேன். இந்த முறை எனக்குப் பொறுமை இருந்தது.

தண்ணீர் லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து தன் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா மேடம் இது, என் வண்டிய முளைக்குச்சி ஆக்கிட்டே? எனக்கு பாடி பக்கம் இன்னும் மூணு லோடு கீது."

"சாயங்காலம் வரைக்கும் இது அசையக் கூடாது. அசைஞ்சா பந்தல் விழுந்துடும்."

அவர் சமையல் பக்கத்திலிருந்து வந்த வாசனையை ஒரு தரம் இழுத்துவிட்டு, "சரி, முதல் பந்தி எனக்கு" என்று போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது கடைசிக் கயிறு இறுகிக்கொண்டிருந்தது. பந்தலின் முகப்பில் இரண்டு தண்ணீர் லாரியும் ஒரு பழைய லாரியும் வாழைமரம் நிற்கிற மாதிரி வரவேற்க நின்றன. மாப்பிள்ளையின் பெரியப்பா வெகு நேரம் பார்த்துவிட்டு, இது என்ன ஏற்பாடு என்று கேட்டார். "இப்ப வர்ற மாடல் இப்படித்தான்" என்றார் கபூர் பாய், முகம் மாறாமல். முனுசாமி அதற்குள் லாரி பம்பர்களுக்கெல்லாம் மிச்சமிருந்த சாட்டினைச் சுற்றிக் கட்டியிருந்தார். அவர்மேல் பழி போட்ட வீட்டுக்கு, யாரும் கேட்காமலே.

இத்தோடு நான் நல்லபடியாக நடந்துகொண்டேன் என்று முடித்திருக்கலாம். இல்லை, இன்னொரு கோமாளித்தனம் பாக்கி இருந்தது. கூட்டம் அதிகமென்று நிக்காஹ்வுக்கு முன்பே பந்தியை ஆரம்பித்துவிட்டார்கள், சமையல் ஆட்கள் லாரிக் குழாயைத் திறந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் போனால் கனம் போகும், கனம் போனால் பந்தல் போகும். ஓடிப்போய்க் குழாயை மூடி, அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சமையல்காரர் கெஞ்சினார், திட்டினார். சாப்பிட்டு முடித்தவர்கள் கையை ஏந்திக்கொண்டு என் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒரு சொட்டு விடமாட்டேன் என்றேன்.

டிரைவர் லெக்பீஸைக் கடித்தபடி வந்தார். "மேடம், வெறும் வண்டி இன்னா வெயிட்டுன்னு தெரியுமா உனக்கு? தண்ணியே இல்லாம இத்த நவுத்துறதுக்கு இந்தக் கல்யாணமே சேர்ந்து தள்ளணும். தண்ணிய உடு, ஜனங்க கை காஞ்சி போயி நிக்குது."

நியாயம். அந்தக் கயிறு இழுக்கிற இழுப்புக்குக் காலி லாரியே தாராளம். காலேஜ் படித்துச் சோதனைப் பிரிவில் தலை நரைத்தவளுக்கு அந்தக் கூட்டல் அப்போது வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அசடு வழிய ஒதுங்கினேன். நூறு பேர் கை கழுவினார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தற்செயலாகப் பார்த்தேன். அது மனையின் சரிவில் வளைந்து நெளிந்து, எச்சில் பருக்கைகளைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்து நாலு ஆங்கரை நோக்கி நேராக ஓடிக்கொண்டிருந்தது. நம்மிடம் உருப்படியாக மிச்சமிருந்த நாலு.

லாரியின் கனத்தைக் காவல் காத்த நேரத்தில் நான் தண்ணீரைக் காவல் காத்திருக்க வேண்டும். அவசரம் வந்தால் மனசு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே கட்டிக்கொண்டு நிற்கும், அது பெரும்பாலும் தப்பானதாக இருக்கும். இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நானும் சுல்தான் மேஸ்திரியும் ஆளுக்கு ஒரு பிரியாணிக் கரண்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீரைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டினோம். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, களிமண்ணில் முட்டி போட்டு. "மேடம், இதுல தண்ணி ஊத்தலாமா கூடாதா, இப்பயாவது வாயத் தொறந்து சொல்லிடுங்க" என்றார் மேஸ்திரி. வாயைத் திறந்து சொன்னேன்.

நிக்காஹ் முடிந்து துஆ கேட்கும்போது காற்று ஒன்று வந்தது. பெரிய காற்று இல்லை, ஆனால் பந்தல் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு தரம் மேலே எழும்பியது. எல்லாரும் கையேந்தித் தலை குனிந்திருந்தார்கள். நானும் கபூர் பாயும் மட்டும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லாரியின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. பந்தல் மறுபடி உட்கார்ந்தது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் கையேந்தினார். அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை இந்த முப்பது வருஷத்தில் வேறெந்தக் கையெழுத்தும் தந்ததில்லை.

மறுநாள் பந்தலைப் பிரித்துவிட்டு, தளர்ந்துபோன அந்த ஆறு ஆங்கரையும் எடுக்கப் போனோம். தானாகவே வெளியே வந்துகொண்டிருந்ததுதானே, எடுப்பது என்ன பெரிய வேலை? குட்டியானையில் சங்கிலி கட்டி வெடுக்கென்று இழுத்தோம். வரவில்லை. டிரைவர் ரிவர்ஸ் எடுத்து வேகமாக இன்னொரு இழுப்பு இழுத்தார். வண்டியின் பின் பம்பர் முழுசாகக் கழன்று வந்தது. ஆங்கர் அங்கேயே நின்றது.

கபூர் பாய் பம்பரைக் கையில் தூக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேடம், உங்க சர்ட்டிபிகேட் பொய் இல்ல. யானை இழுத்தா வராது. நீங்க யானைக்குத்தான் எழுதிக் குடுத்தீங்க, பந்தலுக்கு எழுதல." நான் முந்தின நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்த விளக்கத்தை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அப்புறம் மேஸ்திரியைக் கூப்பிட்டு ஆங்கருக்கு ஒரு குடம் ஊற்றச் சொல்லி, லாரிக்கும் ஆங்கருக்கும் நடுவில் ஒரு பெல்ட்டை லேசாக இறுக்கி மாட்டிவிட்டு, தினம் ஒரு தரம் இறுக்கினோம். வெள்ளிக்கிழமை கையாலேயே தூக்கி எடுத்தோம். சத்தமே இல்லை.

அன்றிலிருந்துதான் நம் சோதனையில் சுமையைக் கட்டி மூன்று நாள் விட்டுவைக்கிற வழக்கம். அளக்க நல்ல கருவிகள் வந்துவிட்டன, எனக்கும் தெரியும். ஆனால் கருவியைப் பார்க்க மறப்பீர்கள், பேட்டரி தீரும், எண்ணைத் தப்பாக எழுதுவீர்கள். பாவாடை தூக்கி நின்றால் டீ கொண்டு வருகிறவர்கூடக் கேட்பார். அதனால்தான் அலமாரியில் அந்த ரோஸ் துணி இருக்கிறது, படிவத்தில் அந்த வரி இருக்கிறது. வேண்டுமானால் அதற்கு நல்ல பெயராக வைத்துக்கொள்ளுங்கள். வரியை மட்டும் எடுக்காதீர்கள்.

முனுசாமியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நிக்காஹ் அன்று கடைசிப் பந்தியில் நான் சேற்றுக் கையோடு உட்கார்ந்தபோது, கபூர் பாய் அவரைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டிருந்தார். முனுசாமிக்கு அது போதவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மேடம், பாய் சொன்னது நூறு பேருக்குக் கேட்டுச்சு. இப்ப மன்னிப்புக் கேட்டது எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. நீ ஆபீஸ் பேப்பர்ல எழுதிக் குடு."

பையில் ஒரு வெற்றுச் சான்றிதழ்த் தாள் இருந்தது. எழுதிக் கொடுத்தேன். "ஆறு பாவாடைகளையும் நேரில் அளந்து பார்த்தேன். துணி ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஆங்கர்தான் ஏறியது." கையெழுத்து, தேதி, நம் கம்பெனி முத்திரை. அவர் அதை லேமினேட் செய்து, பூந்தமல்லிக் கடையில் கத்தரிக்கோலுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் போனால் பாருங்கள். காத்திருந்து, குனிந்து, அளந்து, அதன் பிறகு நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.